மறுபடி ஒன்றிலிருந்து

செம்பூரில் ஒரு அரசு வன ஆராய்ச்சிப் பிரிவில் எனக்குப் பதினோரு மாத ஒப்பந்த வேலை. பிரிவின் வரலாற்றைப் புத்தகமாகத் தொகுக்க வேண்டும். அதிகாரிக்குப் பிடித்தால் ஒப்பந்தம் நீளும். தாராவியில் தோல் பை தைக்கிற அப்பா, வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் கவர்மெண்டில் சேர்ந்துவிட்டான் என்று சந்து முழுக்கச் சொல்லியிருந்தார். ஒப்பந்தம் என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார்.

வன ஆராய்ச்சி வரலாற்றில் மரங்கள் இருக்கும் என்று நம்பிப் போனேன். அலமாரிகளில் கிடைத்ததெல்லாம் பெயர் மாற்ற உத்தரவுகள். நிலையம் கோட்டமானது, கோட்டம் பிரிவானது, பிரிவு இரண்டாக உடைந்து மறுபடி ஒட்டியது. ஒவ்வொரு தடவையும் புது போர்டு, புது ரப்பர் ஸ்டாம்ப். யார் அறைக்கு ஏசி என்ற சண்டைக்குத் தனி ஃபைல், அதுதான் இருப்பதிலேயே தடிமன்.

மரங்களின் அளவுப் பதிவேடுகள் ஒருவழியாகக் கிடைத்தன. ஒன்றில் தொடை கனம் இருந்த ஏழாம் நம்பர் மரம், அடுத்த பதிவேட்டில் கட்டைவிரல் கனம். மரம் மெலியுமா? டிராம்பே பக்கம் சேற்றில் இருந்த சோதனைத் தோட்டத்துக்கே போனேன். அலையாத்தி மரங்களுக்குப் பெயிண்டில் நம்பர் எழுதுகிற திருநெல்வேலிக்காரர் விளக்கினார். ஆபீஸ் பெயர் மாறினால் பழைய நம்பரைச் சுரண்டிவிட்டு மறுபடி எண்ணச் சொல்வார்களாம்.

“மரம் அங்கனயேதான் நிக்கி தம்பி. புதுசா வார பெரியவங்க வண்டிய எங்க நிறுத்துதாங்களோ, அங்க இருந்து ஒண்ணு.”

எந்தப் பழைய நம்பர் எந்தப் புது நம்பரானது என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. அத்தனை பட்டம் வாங்கியவர்கள்!

இதை ஒரு பத்தியாக எழுதிக் கொடுத்தேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர் எங்கள் அதிகாரி. கோபப்படக்கூட இல்லை. பென்சிலால் பத்தியைச் சுற்றி வட்டம் போட்டார்.

“நம்பர் போட்டது நாமதானேப்பா? இதை எடுத்துட்டு, இந்த வருஷத்து குரூப் போட்டோவைப் பெரிசாப் போடு.” அடுத்த மூச்சிலேயே, “உன் எக்ஸ்டென்ஷன் பேப்பர் என் டேபிள்லதானே இருக்கு?”

பத்தியை எடுத்தேன். போட்டோவில் காட்டையே பெற்றெடுத்தவர்கள் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவர்கள் அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தினார்கள். ஒப்பந்தம் இன்னொரு பதினோரு மாதம் நீண்டது.

புத்தகம் வந்ததும் அப்பா மெஷினை நிறுத்திவிட்டு, போட்டோவில் ஒவ்வொரு முகமாக விரல் வைத்து என்னைத் தேடினார். ஒப்பந்த ஊழியர்களை அதில் சேர்க்கவில்லை.

போட்டோ எடுத்ததே நான்தான் என்றேன்.