கவர்னர் வாய் திறக்காத வாரம்

என் அண்ணன் மத்திய வங்கியின் கவர்னராக இருந்தான். இருபத்திரண்டு வயதில் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்து, கடை கடையாக ஏறி இறங்கி அரிசி, எண்ணெய் விலைகளைக் குறித்து வந்தவன். முப்பத்து நான்கு வருடத்தில் அதே கட்டடத்தின் உச்சி மாடிக்குப் போய்விட்டான். வீட்டில் அவனுக்குப் பெயர் ஊமைக்கோட்டான்.

அங்கே ஒரு வழக்கம். வட்டியை முடிவு செய்யும் கூட்டத்துக்கு முந்தைய ஏழு நாள், குழுவில் இருப்பவர்கள் வட்டி பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது. அண்ணன் ஒரு படி மேலே. அந்த வாரம் மழை வருமா என்று கேட்டால்கூடப் பதில் வராது.

அப்படியொரு வாரத்தில்தான் நான் வீட்டுக்கடன் பத்திரத்தோடு அவன் முன்னால் போய் நின்றேன். நான் பள்ளி ஆசிரியை. வட்டி கொஞ்சம் ஏறினாலும் மகளின் கல்லூரிக் கட்டணத்தில்தான் கை வைக்க வேண்டும்.

"அண்ணா, நிலையான வட்டி எடுக்கட்டுமா, மாறுற வட்டியா? நாளைக்குக் கையெழுத்து."

"தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்தணும்," என்றான்.

"கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா குடியா முழுகிடும்?"

குவளையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தவணை குறைவு என்று மாறும் வட்டிக்கே கையெழுத்துப் போட்டேன். நான்காம் நாள் வட்டி ஏறியதை அண்ணனே தொலைக்காட்சியில் அறிவித்தான். மகள் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் கட்டணத்தைச் சமாளித்தாள். எட்டு மாதம் நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் ஒரு பை தக்காளியோடு வந்தான். அதற்குள் விலைவாசி இறங்கி, வட்டி இறங்கி, என் கோபமும் பாதி இறங்கியிருந்தது.

"இப்பவாவது சொல்லு. அன்னைக்கே உனக்குத் தெரியும்தானே?"

"தெரியாது. குழுவில அஞ்சு பேர். வட்டியை ஏத்தணும்னு ரெண்டு, வேண்டாம்னு ரெண்டு. என் கைதான் மிச்சம். ஏத்தலாம்னு தூக்கும்போது உன் பத்திரம் கண்ணு முன்னாடி நின்னுச்சு." பையைக் கீழே வைத்தான். "மாறுற வட்டியே எடுன்னு உன்கிட்ட சொல்லியிருந்தா, அந்தக் கையைத் தூக்கியிருக்க மாட்டேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவனிடமே சொன்னேன். காது சிவந்துபோய்த் தக்காளியைக் கழுவ ஆரம்பித்தான்.

இப்போதெல்லாம் தினமும் வந்து உட்கார்ந்து வட்டியைப் பற்றியே மணிக்கணக்கில் பேசுகிறான், இத்தனை வருடப் பாக்கி. தாங்க முடியாமல் போனால் நான் குவளையை அவன் கையில் கொடுத்து என் வீட்டுச் செடிக்கு அனுப்பிவிடுகிறேன்.