எழுபத்தொன்பது புள்ளி நான்கு இரண்டு

2007 மார்ச் 15, வியாழக்கிழமை. உடப்பு. எழுந்தது 5.10. கிணற்றடியில் குளியல், தேநீர், வானொலிச் செய்தி. 6.30க்குப் பாண்காரர் வந்தார். 7.00 மணிச் செய்தியோடு கைக்கடிகாரத்தைச் சரிசெய்தேன். இரண்டு நாள் விடுமுறையில், மேற்குக் கரையிலுள்ள அந்த மீனவ ஊரில், மனைவியின் வீட்டில் இருந்தேன். அன்றைய நாட்குறிப்பில் முதல் ஐந்து வரிகளும் இப்படித்தான் இருக்கின்றன. ஆறாவது வரியிலிருந்து கையெழுத்து மாறிவிடுகிறது.

அப்போது நான் கொழும்பில் ஒரு சிறிய விமானக் கம்பனியின் பறப்புப் பிரிவில் எழுதுவினைஞன். எங்கள் விமானம் காலையில் யாழ்ப்பாணம் போய் மதியம் திரும்பும். போரினால் தரைவழி மூடிக்கிடந்த காலம் என்பதால் ஒரு ஆசனமும் காலியாக இருக்காது. நோயாளிகளும் கைக்குழந்தைகளும் வயோதிபர்களுமாக நிறைந்திருக்கும். விமானம் நேர்வழியில் போகமுடியாது. மேற்குக் கடலில், கரையிலிருந்து நன்றாக விலகி, பாதுகாப்புத் தரப்பு குறித்துக் கொடுத்த புள்ளிகளின் மேலாகத்தான் போகவேண்டும். கரை நெடுக இராணுவத்தின் பீரங்கிகள் இருந்தன. ஆகாயத்தில் இரைச்சல் கேட்டாலே விரல்கள் இறுகிக் கிடந்த மாதங்கள் அவை. அந்தப் புள்ளிகளின் அகலாங்கு நெட்டாங்குகளைக் கணினியில் பதிந்து, விமானத்தின் வழிகாட்டிக் கருவிக்குரிய தரவு அட்டையில் ஏற்றுவது என் வேலை. நான் பதிவேன், பிரிவுத் தலைவர் கடதாசியோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில், புதிய பட்டியல் நடைமுறைக்கு வரும். அன்றைய வியாழன் அப்படியான ஒன்று.

பிரிவுத் தலைவர் புத்தளத்து முஸ்லிம். ஐம்பது வயதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். கையெழுத்து வைக்குமுன் பேனா மூடியை மேசையில் இரண்டு முறை தட்டுவார். நான் உடப்பான் என்று தெரிந்த நாளிலிருந்து கடலைப் பற்றி மட்டும் என்னோடு கொஞ்சம் கதைப்பார். அவரைப் பற்றி எழுதத்தான் இந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன்.

8.40க்கு மச்சான், என் மனைவியின் தம்பி, கடலிலிருந்து வந்தான். மீன்பையைக் குசினி வாசலில் போட்டுவிட்டுச் சிரித்தான்.

"என்ன அத்தான், உங்கட பிளேன்காரனுக்கு வழி தெரியாம போச்சோ? ஒவ்வொரு நாளும் எனக்கு மேக்கால போறவன், இண்டைக்கு எனக்கும் கரைக்கும் நடுவால போறான்."

"கண்ணக் கசக்கிப் பாத்தியா?"

"நான் என்ன நித்திரையிலயா வலை இழுக்கிறன்? மூஞ்சி நேர மாம்புரிப் பக்கம். ஆர்ர கலியாண வீட்டுக்கோ தெரியா."

மாம்புரி எங்களுக்கு வடக்கே உள்ள கரையோர ஊர். நான் சிரிக்கவில்லை. எந்த வேலையையும் கொப்பியில் பிரதி எடுத்து வைப்பது என் பழக்கம். கொப்பியை எடுத்தேன். புதிய பட்டியலின் மூன்றாவது புள்ளி: அகலாங்கு 8.00, நெட்டாங்கு 79.42.

உடப்பில் படகு வைத்திருப்பவர்களின் கருவிகளுக்கு இடங்களைப் பதிந்து கொடுத்ததும் நான்தான். எங்கள் கடலில் எழுபத்தொன்பது பாகை மாறுவதே இல்லை; ஆகவே ஒருவரும் அதைச் சொல்வதில்லை. பின்னால் வரும் கலையை, பாகையின் அறுபதில் ஒரு பங்கை, மட்டும் சொல்வார்கள். முப்பத்தைந்தில் பாறை, நாற்பதில் இறால். எழுபத்தொன்பதுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கம் கலை என்பது என் கைக்குப் படிந்துபோன விஷயம். ஆனால் இம்முறை பாதுகாப்புத் தரப்பின் பட்டியல் வந்தது தசமத்தில். 79.42 என்றால் எழுபத்தொன்பது பாகை, ஏறக்குறைய இருபத்தைந்து கலை. நான் நாற்பத்திரண்டு கலை என்று பதிந்திருந்தேன். 8.00 எப்படி எழுதினாலும் எட்டுத்தான். அதனால் அது என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"மச்சான், நாப்பத்திரண்டு எங்க வரும்?"

"மாம்புரிக் கரை. பால்குடியக் கேட்டாலும் சொல்லும்."

முப்பது கிலோமீற்றர் விலகல். தலைவரும் நானும் இலக்கத்துக்கு இலக்கம் ஒப்பிட்டிருந்தோம். எல்லா இலக்கமும் சரியாக இருந்தது. புள்ளியைக் கடலில் வைத்து ஒருவரும் பார்க்கவில்லை.

காலைப் பயணத்துக்கு என்ன நடந்தது என்று தெரியாது. திரும்பும் விமானம் யாழ்ப்பாணத்தில் 11.30க்குக் கிளம்பும், அதே புள்ளிக்கு மேலால் வரும். தொலைபேசி கையில் இருந்தது. நான் அழைக்கவில்லை. மனைவி மெதுவாகச் சொன்னாள்: "தமிழன் ஒருத்தன் பிளேனக் கரைக்குத் திருப்பினவன் எண்டுதான் எழுதுவாங்கள். பிழை எண்டு ஆர் நம்புவான்? பிடிச்சுக் கொண்டு போனா எங்க போய்த் தேடுறது உங்கள?" அவள் சொன்னதில் மிகை இல்லை. அதைவிடச் சின்னக் காரணங்களுக்காகப் போனவர்களை எங்கள் தெருவிலேயே தெரியும். விமானத்தில் இருப்பவர்களையும் தெரியும். முகம் தெரியாது, அவ்வளவுதான். 8.52இலிருந்து 9.31 வரை கதிரையில் இருந்தேன். முப்பத்தொன்பது நிமிடம். மச்சான் என் முன்னால் வந்து நின்றான். சிரிப்பு போயிருந்தது.

"அத்தான், கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க. இதுவே என்ர போட் எண்டா இவ்வளவு நேரம் இருப்பீங்களா?"

அழைத்தேன். தலைவர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மறுமுனையில் கடதாசி புரளும் சத்தம் மட்டும்.

"காலப் பிளேன் போய்ச் சேந்துட்டு, அல்ஹம்துலில்லாஹ். நடுவுல ஒருக்கா கீழ இருந்து யாருண்டு கேட்டீக்கிறாங்க. உடனே பதில் குடுத்ததால தப்பிட்டு. நான் கப்டனோட பேசுறன். அந்தப் புள்ளிய அழிச்சிட்டுப் பழைய பட்டியலப் பாத்து வரட்டும். நீங்க ஃபோன வைங்க."

12.15க்கு மச்சானோடு கடற்கரையில் நின்றேன். வெயில் கண்ணைக் குத்தியது. விமானம் சரியான வழியில் வந்தால் கரையிலிருந்து பார்க்கவே முடியாது, தெரிந்தால்தான் ஆபத்து. வடக்கிலிருந்து ஒரு பறவை வந்தபோதுகூட மச்சான் என் தோளைப் பிடித்தான். 12.40 வரை ஒன்றும் தெரியவில்லை. அப்படியே எழுதியிருக்கிறேன்: "ஒன்றும் தெரியவில்லை." 1.05க்குத் தலைவர் அழைத்தார். இறங்கிவிட்டது.

"இனி நம்மட கத," என்றார். "நாளக்கிக் காலம விசாரண. இண்டைக்கே பஸ் ஏறுங்க. கொப்பியையும் கொண்டு வாங்க. நடந்ததெல்லாம் நேரத்தோட எழுதுங்க."

"சேர், முப்பத்தொன்பது நிமிசம் நான் சும்மா இருந்தன். அதையும் எழுதவா?"

மறுமுனையில் பேனா மூடி இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. "எழுதுங்க. அத மறச்சா மத்ததையும் நம்ப மாட்டாங்க." பிறகு, அலுவலகக் காரியம் ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்: "தம்பி, உங்கட பேர் மட்டும் இருந்தா அது சதி. என்ட பேரும் கூட இருந்தாத்தான் அது பிழை. சரி பாத்துக் கையெழுத்து வச்சவன் நான். அத நான் விடமாட்டன்."

இப்போது அந்த வேலையைக் கணினிகளே செய்கின்றன. புள்ளி வழியைவிட்டு விலகினால் திரையில் சிவப்பாகக் காட்டும். பிழைகள் குறைந்துவிட்டன என்று இளம் அலுவலர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பிழை நடந்தபின், தப்பிக்க வழியிருந்தும் அதில் தன் பங்கைக் கேட்டு வாங்கிய இன்னொருவரை இத்தனை வருடத்தில் நான் காணவில்லை. வேலையிலிருந்து அவர் முன்கூட்டியே ஓய்வுபெற நேர்ந்தது. அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

மார்ச் 16, வெள்ளி. காலை 8.00. விசாரணை அறைக்கு வெளியே ஒரு நீண்ட வாங்கில் இருவரும் இருந்தோம். கதவு திறந்து ஒருவர் பட்டியலைப் பார்த்தார். முதலில் கூப்பிடப்பட்டது என் பெயர். தலைவர் எழுந்து, என் மடியிலிருந்த கொப்பியை எடுத்துக்கொண்டு, உள்ளே போனார்.