வளர்கிற கைத்தடி

சித்தப்பா முப்பத்தோரு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். நடத்துனர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் எக்ஸ்ரே. இடது கையால் மேல்கம்பியைப் பிடித்து, வலது கையை நீட்டியபடி நடந்து வருவார். டிக்கெட் எடுக்காதவன் யாரென்று பாதி வண்டி தாண்டுவதற்குள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். கைத்தடியோடு ஏறுகிறவர்களை இரண்டு முறை பார்ப்பார். அதில் பாதிப் பேர் உட்கார இடம் பிடிக்க வேஷம் போடுகிறவர்கள் என்பது அவர் கட்சி.

அறுபத்தாறு வயதில் அவருக்கே ஒன்று தேவைப்பட்டது. சர்க்கரையால் இடது பாதம் மரத்துப்போய், தரை எங்கே இருக்கிறதென்று காலுக்குத் தெரியவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்தார். முதல் தடவை, நாற்காலியை யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்றார். இரண்டாம் தடவை விழுந்த இடத்தில் நகர்த்துவதற்கு எதுவுமே இல்லை.

சித்தி அன்றைக்கே பேச்சை எடுத்தாள். இவர்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகள் வீடு தரைத்தளம். ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. மருமகன் வீட்டில் ஃபேன் போடக்கூட முகம் பார்க்க வேண்டியிருக்கும், மாட்டவே மாட்டேன் என்றார் சித்தப்பா. நாலு நாள் சண்டைக்குப் பிறகு ஒரு ஒப்பந்தம் வந்தது: கைத்தடி வாங்குவது, அதற்கு மேலும் ஒரு தடவை விழுந்தால் மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டுவது.

நான் விடுமுறையில் வந்திருந்த நேரம். கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். கடைக்காரப் பெண் முதலில் நாலு கால் உள்ள தடியைக் காட்டினாள். விலை அதிகமென்பதால் காட்டுகிறாள் என்று என் காதில் சொன்னார். மரத்தடியை வளைத்துப் பார்த்தார், ரப்பர் முனையை நகத்தால் சுரண்டினார். கடைசியில் ஓர் அலுமினியத் தடி தேறியது. அதில் வரிசையாகத் துளைகள். பட்டனை அமுக்கி உயரத்தை ஏற்றி இறக்கலாம். அந்தப் பெண் அவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிடச் சொல்லி, கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு வருகிறபடி வைத்தாள். மரத்த காலுக்கு எதிர்ப்பக்கம், வலது கையில் பிடிக்கச் சொன்னாள்.

வலது கை டிக்கெட் வாங்குகிற கை. அதில் எதையாவது பிடித்துக்கொண்டு நடப்பது அவருக்கு உடம்பிலேயே ஒட்டவில்லை. தெருவில் பத்தடிக்கு ஒரு தடவை தடி இடது கைக்குப் போனது. நான் பத்தடிக்கு ஒரு தடவை மாற்றிவிட்டேன். "கால் இந்தப் பக்கம், தடி அந்தப் பக்கமா? அவ யார்கிட்ட படிச்சாளாம்?" என்றார்.

நான் ஊர் திரும்பி ஒரு வாரம் இருக்கும். அன்று சித்தப்பா வீடியோவில் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"டேய், தடி வளருது."

எனக்குப் புரியவில்லை. கடையில் மணிக்கட்டில் நின்ற கைப்பிடி வீட்டில் மேலே வந்து நிற்கிறதாம். தோள் தூக்கிக்கொள்கிறது, தடி பின்னாலே தள்ளுகிறது, குளியலறை வாசலில் இரண்டு தடவை தப்பித்தது மயிரிழையில். யாரோ துளையை மாற்றுகிறார்கள் என்று, பட்டனைச் சுற்றி வெள்ளை நூல் கட்டி முடிச்சுப் போட்டிருக்கிறார். நூல் அப்படியே இருக்கிறது. தடி மட்டும் உயரமாகவே இருக்கிறது.

"அவிழ்த்துட்டு அதே மாதிரி திரும்பக் கட்டியிருக்கணும். நூல் அவ தையல் டப்பாவுலதானே இருக்கு."

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவர் 'அவ' என்றது யாரை என்று கேட்கவே பயமாக இருந்தது. அவரே சொன்னார்: "நான் இன்னொரு தடவை விழுந்தா யாருக்கு லாபம்? நீயே யோசிச்சுப் பாரு."

ஃபோனைக் கீழே சாய்த்துத் தடியைக் காட்டினார். கைப்பிடி மணிக்கட்டுக்கு மேலே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் நின்றது. அப்போதுதான் அவர் கால் கண்ணில் பட்டது. வெறுங்கால். கடைக்கு அவர் போட்டுவந்தது டியூட்டி ஷூ. ஓய்வு பெற்ற பிறகும் வெளியே போக அதுதான். அதன் குதிகால் ஒன்றே கால் அங்குலம்.

ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னேன். அதற்கு ஐந்து நிமிடம் ஆனது. நின்றார். கைப்பிடி சரியாக ரேகையில் வந்து உட்கார்ந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், வீட்டுக்குள் ஒரு துளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று அவசரமாகச் சொல்லிப் பேச்சை முடிக்கப் பார்த்தேன்.

முடியவில்லை. சித்தி அவருக்குப் பின்னால் கதவருகில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியாது.

"நான் உங்களை விழ வைப்பேன்னு நெனச்சீங்களா?"

பயணிகளிடம் முப்பத்தோரு வருடம் நேரான பதில் வாங்கிய மனுஷன். பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டு நாள் நெனச்சேன்" என்றார்.

"ரெண்டே நாளா?" என்றாள் சித்தி. குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம்.

மறுநாள் காலை ஒரு கைப்பையோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், தனியாக. ஒப்பந்தத்தில் தன் பங்கு முடிந்தது, இனி அவர் விழுந்தாலும் நின்றாலும் தன் கை அங்கே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாளாம். சித்தப்பா இதிலும் ஏதோ திட்டம் இருக்கிறதென்று என்னிடம் இரண்டு நாள் துருவினார்.

தினமும் மாலையில் சித்தி கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பாள்: விழுந்தீங்களா? இல்லை என்பார். உடனே இரண்டாம் மாடித் தையல்காரருக்கு ஃபோன் போட்டு, மேலே சத்தம் ஏதாவது கேட்டதா என்று விசாரிப்பாள். தையல்காரர் இதை சித்தப்பாவிடமே சொல்லிவிட்டார். தன் பரிசோதகர் வேலையைத் தன்னிடமே காட்டுகிறாள் என்று சித்தப்பா பொருமுவார் என எதிர்பார்த்தேன். "கேக்கட்டும், கேக்கட்டும்" என்றார், ஏதோ சம்பள உயர்வு வந்தவர் போல.

ஐந்தாம் நாள் படியிறங்கினார். தடி முதலில், மரத்த கால் அடுத்து, நல்ல கால் கடைசியில். எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் இடது கையில் துணிப்பை இருந்தது, கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கை இல்லை. உடம்பு ஒருபக்கமாகப் போவது தெரிந்ததும் தடியை ஊன்றிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. தையல்காரர் கடை பூட்டியிருந்தது.

அன்று மாலை சித்தி கேட்பதற்கு முன் அவரே சொன்னார்.

"இன்னிக்குப் படியில உக்காந்துட்டேன். விழல. உக்காந்தேன்."

சித்தி, "எந்தப் படி?" என்றாள்.

சொன்னார். அடி ஏதாவது பட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார். அன்று அவள் தையல்காரருக்கு ஃபோன் போடவில்லை. மறுநாள் காலை வந்துவிட்டாள், வந்ததும் துணிப்பைக்குப் பதிலாகத் தோளில் மாட்டுகிற பை ஒன்றை அவர் கழுத்தில் போட்டாள்.

படியில் உட்கார்ந்தது விழுந்ததில் சேருமா, சேராதா என்பதை மட்டும் இரண்டு பேரும் இன்னும் முடிக்கவில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் தீர்ப்பு சொல்லச் சொல்கிறார்கள். நான் லைன் சரியில்லை என்கிறேன்.