இரட்டையாய் விழுந்த நங்கூரம்

வாரன் பெங்கெல்லியின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம். தென் ஆஸ்திரேலியக் கடற்கரையில், படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்தே முதுகு வளைந்த மனிதர். ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கத்தி செய்ய உட்கார்ந்தார். இன்று அந்தத் துறைமுகத்தில் எந்தப் படகில் ஏறிப் பார்த்தாலும் அவர் கத்தி ஒன்றாவது இருக்கும். அதில் அவருக்குத் தலைக்கனமும் உண்டு.

கடைசி வேலைதான் அவருக்குப் பிடித்தமானது. முத்திரை வெட்டிய அச்சுத்தாளை அலகில் ஒட்டுவார். உப்புநீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் அழுத்தி, பழைய பேட்டரி சார்ஜரிலிருந்து மின்சாரம் விடுவார். புஸ்ஸென்று சீறும். சில நொடி வைத்து எடுப்பார், மறுபடி வைப்பார். தாளில் வெட்டு இருக்கும் இடத்தில் மட்டும் எஃகு கரைந்து, ஒரு நங்கூரமும் கீழே அவர் பெயரும் ஆழமாய்ப் பதியும். பிறகு விசையை மாற்றிப் போட்டுக் கறுப்பேற்றுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் இரண்டு கத்தி செய்தார். ஒன்று லூக்கா என்ற மீனவன் செய்யச் சொன்னது. மற்றது அவனோடு ஒரே படகில் வேலை பார்த்த தன் மகன் கோரிக்கு. அதில் ஒன்றுக்கு முத்திரை வைக்கும்போது, பஞ்சை எடுத்த கையோடு தாள் மயிரிழை நகர்ந்திருக்கிறது. மனிதர் கவனிக்கவில்லை, மறுபடி அழுத்திவிட்டார். நங்கூரம் இரட்டையாய் விழுந்தது. அந்த ஆழத்துக்குத் தேய்த்து எடுத்தால் அலகே மெலிந்துவிடும். குறை விழுந்ததை விற்பதில்லை என்பது கத்தி செய்கிறவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. அது வீட்டுக்குத்தான் போகும். அதைக் கோரியிடம் நீட்டினார்.

"ஊருக்கு நல்லது, மகனுக்குக் கழிசலாப்பா?" என்று கோரி சிரித்தான்.

"கூருதான்டா மீனை வெட்டும், முத்திரையா வெட்டும்? வாங்கிக்க."

பதினோரு வாரத்துக்கு முன்னால் அந்தப் படகு காணாமல் போனது. அதில் இருந்தது லூக்காவும் கோரியும்தான். ஊரே தேடியது, பிறகு கைவிட்டது. வாரன் விடவில்லை. கோரி ஏதாவது ஒரு தீவில் ஒதுங்கியிருப்பான் என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு நழுவினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை போலீஸ்காரி கெய்லி கொட்டகை வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினாள். அவள் பின்னால் லூக்காவின் மனைவி டினா.

"ஒரு படகு வலையில ஒருத்தரோட உடம்பு வந்திருக்கு, வாரன். முகத்தைப் பார்த்துச் சொல்ற மாதிரி இல்ல. டி.என்.ஏ. சோதனை முடிவு வர ஆறு வாரம் ஆகுமாம். இடுப்புல இது இருந்துச்சு, உங்க கத்தி. யாரோடதுன்னு சொல்ல முடியுமா?"

அலகில் உப்பும் துருவும் அப்பியிருந்தன. வாரன் எண்ணெய் விட்டுத் துணியால் தேய்க்க ஆரம்பித்தார். சர்ச் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர், இரட்டையாய் இருக்கக் கூடாது என்று யாரையோ கெஞ்சிக்கொண்டே தேய்த்தார்.

துரு விலகியது. ஒரே நங்கூரம், பிசிறில்லாமல்.

சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். புருஷனைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தும் அவரால் அதை அடக்க முடியவில்லை. வெட்கங்கெட்ட சந்தோஷம்தான். பெற்றவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

"மன்னிச்சிரும்மா டினா. இது லூக்காவோடது. கோரி கத்தியில முத்திரை ரெட்டையா இருக்கும்."

டினா அழவில்லை. குனிந்து அந்த அலகைப் பார்த்தாள்.

"ரெட்டை முத்திரைக் கத்தி எங்க வீட்டுலதான் இருந்துச்சு, வாரன்."

"என்னம்மா சொல்ற?"

"போன கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் மாத்திக்கிட்டாங்க. லூக்கா அதுலதான் மீன் அறுப்பான், நான்தான் கழுவி வைப்பேன். கோரிதான் கேட்டு வாங்கினான். எங்கப்பா செஞ்சதுல நல்லதா ஒண்ணு என் இடுப்புல இருக்கணும்னான். உங்ககிட்ட மட்டும் சொல்லிராதீங்க, மனசு கஷ்டப்படுவாருன்னான்."

வாரன் துணியைக் கீழே வைத்தார். "நீ பேசாம இருந்திருக்கலாமே. ஆறு வாரமாவது அவன் இருக்கான்னு நெனச்சிருப்பேன்."

"உங்க பிள்ளை உடம்பை என் புருஷனோடதுன்னு சொல்லி வாங்கிட்டுப் போகச் சொல்றீங்களா?" அவள் கத்தியை அவர் பக்கமாக நகர்த்தினாள். "எனக்கும் போய் அழ ஒரு கல்லறை வேணும்தான். இது அவன் இல்லையே."

கெய்லி குறிப்பேட்டைத் திறந்து, எந்தப் பெயரை எழுதுவது என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். வாரன் மறுபடி துணியை எடுத்து அலகைத் தேய்த்தார். டினாதான் கோரி பெங்கெல்லி என்று சொன்னாள்.