நாவல் பட்டையும் உள்ளறைச் சல்லடையும்

மணி, யாழினி, அந்த ஆளை அப்பா ஏன் இன்னும் மன்னிக்கவில்லை என்று கேட்டீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சர்க்கரை நோயாளி இருக்கிற மற்ற வீடுகளிலும் படிக்கட்டும்.

முதலில் வந்தது வியர்வை. குடிகாடு தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது, ரோடு இரண்டாகத் தெரிந்தது. யாழினி, நீ முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தாய். நினைவு திரும்பியபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்தேன். உன் கை முறிந்திருந்தது.

"தாழ்சர்க்கரை. ரத்தத்துல சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிடுச்சு. நான் குடுத்த மாத்திரைக்கு இவ்ளோ இறங்காதே. வேற என்னா சாப்புடுற?" என்றார் டாக்டர்.

"நாவல் பட்டைத் தூளுதான் சார்."

"மரப்பட்டை என்னா சார் பண்ணிடும்?" என்று அழுதாள் உங்கள் அம்மா.

முதுநகரில் தூள் விற்றவனை எல்லோரும் நம்பினோம். பட்டையை நம் கண்ணெதிரே வெட்டுவான், உரலில் போட்டு இடிப்பான். சலிக்க மட்டும் உள்ளே எடுத்துப் போவான். உரலைப் பார்த்த நாங்கள் சல்லடையைப் பார்க்கவில்லை.

கட்டுப் போட்ட உன் கையைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். பிறகு அவன் கடைக்குப் போனேன்.

"இன்னா மச்சான், ஆளு எளச்சிட்ட?"

"உன் மருந்துதான் மச்சான். சுகரு சர்ருனு எறங்கிடுச்சி."

"நான்தான் சொன்னேனே! இங்கிலீஷ் டாக்டருங்கள்லாம் கடைய சாத்திக்கினு போவ வேண்டியதுதான்."

நானும் சேர்ந்து சிரித்தேன். தூள் ஒரு பொட்டலம், அவன் வெட்டிய அதே பட்டையில் ஒரு துண்டு, இரண்டையும் வாங்கினேன்.

சிதம்பரத்தில் ஒரு பேராசிரியை இருக்கிறார். மரப்பட்டைகளைச் சாறு இறக்கி, அதில் என்ன மருந்துக் குணம் இருக்கிறதென்று சோதிப்பவர். டாக்டர் சொல்லித்தான் போனேன். பட்டையையும் தூளையும் தனித்தனியாகச் சோதித்தார்.

"பட்டையில துவர்ப்புச் சத்துதாங்க இருக்கு. சர்க்கரைய எவ்ளோ குறைக்கும்னு நாங்களே இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம். ஆனா தூள்ல சுகர் மாத்திரை அரைச்சுக் கலந்திருக்கு. எந்த மரமும் மாத்திரை காய்க்காதுங்க."

டாக்டர் கொடுத்த மாத்திரை, அவன் கலந்த மாத்திரை, இரண்டும் சேர்ந்துதான் என்னைச் சாய்த்தன. மரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. சோதனை முடிவை அரசு மருந்து ஆய்வாளரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்குச் சீல் வைத்தார்கள்.

அவன் வீடு தேடி வந்தான். "மச்சான், புள்ளகுட்டிக்காரன்யா நானு."

"நானுந்தான்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

யாழினி, உன் எலும்பு கூடிவிட்டது. எனக்கு என் உடம்பு மேல் இருந்த நம்பிக்கை கூடவில்லை. சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதுதான் இப்போது என் கடிகாரம். நெற்றியில் வியர்த்தால், வெயிலா, அதுவா என்று நின்று யோசிக்கிறேன். அதனால்தான் எங்கே போனாலும் சட்டைப் பையில் கடலை மிட்டாய் இருக்கிறது.

போன வாரம் யாரிடமும் சொல்லாமல் முதுநகர் போனேன். சீல் வைத்த ஷட்டர் முன்னால் நின்று ஒரு மிட்டாயைப் பிரித்து, அவசரமில்லாமல் மென்று தின்றேன். மிட்டாய்த் தாளை நான்காக மடித்து, பூட்டின் இடுக்கில் செருகிவிட்டு பஸ் ஏறினேன்.