கோட்டுப்பாலும் என் வலது கண்ணும்

ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத்தில் வெட்டுக்கோடு சரிவாக, நேராக இறங்க வேண்டும். முப்பது வருஷமாக நான் இறக்கிய கோடு ஒருநாள் காலையில் நடுவில் கோணிக்கொண்டது. மரம் சீவும் உளியைச் சரியாகத் தீட்டவில்லை என்று வீட்டுக்காரரைப் பிடித்து விளாசிவிட்டேன். பாவம், உளியில் ஒரு குறையும் இல்லை. வலது கண்ணை மூடினால் கோடு நேராக நின்றது. இடது கண்ணை மூடினால் மரமே நெளிந்தது.

சர்க்கரை வியாதியால் அந்த வலது கண்ணுக்கு ஏற்கெனவே லேசர் வைத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. சீவிய பட்டையைச் சில வருஷம் தொடாமல் விட்டால் மரம் தானாகப் புதுப்பட்டை போர்த்திக்கொள்ளும். கண்ணையும் அப்படி ஆறப்போடுவோம் என்று இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா என் கண்ணின் உட்புறத்தைத் திரையில் காட்டினார். விழித்திரை மேல் வெள்ளையாக ஒரு ஜவ்வு.

"இதுதான் இழுக்குது ஆன்டி. ஆரம்பத்துல இதுல பூரா புது ரத்தக்குழாய்ங்க இருந்திருக்கும். போகப்போக அதெல்லாம் வத்தி, நார் மாதிரி தடிச்சு, சுருங்கிருச்சு."

அட, இது எனக்குத் தெரிந்த சங்கதி! வெட்டுக்கோட்டில் ஒட்டி நிற்கும் பால் மறுநாள் உறைந்து சுருங்கி, இழுத்தால் வாராக வருமே, அந்தக் கோட்டுப்பால்தான்.

"அப்போ உரிச்சு எடுத்துருங்களேன். நான் தெனம் உரிக்கிறேனே!"

அவர் சிரித்தார். "உரிக்கத்தான் போறோம். ஆனா பழசு, எங்க ஒட்டியிருக்கோ தெரியாது."

கண் போனால் உளியைத் தொட முடியாது. பயம்தான். ஆனாலும் ரத்தம் ஓடிய ஒன்று எப்படி நாராக மாறும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் கோடு பெரும்பாலும் நிமிர்ந்தது. ஒரு மூலையில் மட்டும் கோணல் மிச்சம். மறுபடி டாக்டரம்மாவிடம் காட்டப் போனபோது, திரையில் அங்கே வெள்ளையாக ஒரு துணுக்கு.

"இதை ஏன் விட்டுட்டீங்க?"

"விழித்திரையோட ஒட்டிப்போச்சு ஆன்டி. இழுத்தா அதுவும் கிழிஞ்சிரும். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா முழுசா வந்திருக்கும்."

பிறகு இடது கண்ணைப் பார்த்தார். அங்கேயும் புது ரத்தக்குழாய்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. லேசர் வைக்க வேண்டும், எந்தத் தேதி வசதி என்று காலண்டரைப் புரட்டினார்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இன்னிக்கே வெச்சிருங்கம்மா," என்றேன்.