அம்மா வயிற்றில் அடித்த பின்கள்

அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். வெட்டிய வயிற்றை மூட இரண்டு வழி. கையால் தைத்தால் நூல் உள்ளேயே கரைந்துவிடும், பிரிக்க வர வேண்டாம். மிஷினால் உலோகப் பின் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பின்களை எடுக்கத் திரும்பி வர வேண்டும். இரண்டுமே நல்லதுதான், உங்கள் விருப்பம் என்றார்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள், மூத்த மகளான நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் நாங்கள், கையாலேயே தைத்துவிடுங்கள் என்றேன்.

"நீ இரு. தம்பி வரட்டும்," என்றாள் அம்மா.

டாக்டரும் பேனாவை மூடி வைத்தார்.

தம்பி ஒன்பதாவதோடு நின்றவன். டீ குடித்துவிட்டு வந்தான். நான் சொல்லி முடிப்பதற்குள், "கையில தைக்கிறதெல்லாம் அந்தக் காலம். மிஷின்லயே போடுங்க சார்," என்றான்.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

பின் எடுக்கும் நாள் வந்ததும், அலைச்சல் வேண்டாமே என்று எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை கிளினிக்குக்குத்தான் முதலில் போனோம். "சாதா நூலுன்னா நானே பிரிச்சிடுவேம்மா. இந்தப் பின்னைக் கழட்டுற கருவி எங்கிட்ட இல்ல. போட்டவங்ககிட்டயே போங்க," என்றார் அங்கிருந்த டாக்டர்.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"எனக்கு ஷிஃப்ட்டு இருக்குது. நீதான் படிச்சவளாச்சே, கூட்டினு போ."

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு விடியற்கால ரயிலில் ஏறினோம். கூட்டத்தில் யாருடைய சாப்பாட்டுப் பையோ அம்மாவின் வயிற்றில் இடித்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. பெங்களூரில் நர்ஸ் கொறடு மாதிரி ஒன்றால் பின்களைக் கழற்றித் தட்டில் போட்டார். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா பிரெட்டும் பழமும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அம்மா புடவையைத் தளர்த்தித் தழும்பைக் காட்டினாள்.

"பாரு, கோடு போட்ட மாதிரி கீது. மிஷின்லதான் போடணும்னு பையன் கறாரா சொல்லிட்டான்."

"பொண்ணுதான் படிச்சிருக்குதே, அது இன்னா சொல்லிச்சு?"

"அதுவா? அது தொணைக்கி வந்துச்சு."